கிக்கரில் கனம் குறைந்தால்

சிறிய பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: அளவான பெட்ரோல்-காற்றுக் கலவை, சரியான நேரத்தில் பொறி, அந்தக் கலவையை நெருக்கிப் பிடிக்கும் அழுத்தம். முதல் இரண்டையும் கண்ணால் பார்க்கலாம். பிளக்கைக் கழற்றினால் ஈரமும் பொறியும் தெரிந்துவிடும். மூன்றாவதைக் காலால் உணர வேண்டும், அல்லது கருவி வைத்து அளக்க வேண்டும். பட்டறைகளில் கம்ப்ரெஷன் என்று சொல்வது இதைத்தான். வண்டி கிளம்பாதபோது கடைசியாகச் சோதிக்கப்படுவதும், சோதிக்காமலேயே முதலில் குற்றம் சாட்டப்படுவதும் இதுவே.

ஹீரோ ஸ்பிளெண்டர் வகை எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5 மி.மீ., கொள்ளளவு 97.2 சிசி. அழுத்த விகிதம் 9-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 12 சிசிதான். இரண்டரை டீஸ்பூன் அளவு. அத்தனை காற்றும் அதற்குள் நெருக்கப்படும்போது சூடேறுகிறது, பெட்ரோல் துளிகள் ஆவியாகின்றன, பொறி பட்டதும் சட்டென்று பற்றுகிறது. எங்கேயாவது ஒரு வழியில் காற்று நழுவினால் இந்தச் சூடும் குறையும், தீயின் வேகமும் குறையும். இன்னொரு கேடும் உண்டு. நெருக்கத் தெரியாத பிஸ்டனுக்கு உறிஞ்சவும் தெரியாது. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பலம் அதற்கு இருக்காது. கம்ப்ரெஷன் போன வண்டியில் பிளக் காய்ந்தே இருப்பதைப் பார்த்துவிட்டு, கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இப்படிப்பட்ட எஞ்சின்கள் எத்தனை வகை என்பதை ஒரே சாலையில் பார்க்கலாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான். மதுரையிலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் வரும் அந்தத் தூரத்தில் சிறு எஞ்சின்களின் வரலாறு முழுவதும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது எனலாம். ஓசூரில் 1980-ல் டிவிஎஸ் 50 பிறந்தது. இருவர் உட்காரும் முதல் இந்திய மொபெட் அது. அதன் வழியில் வந்த 69.9 சிசி இரண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பரும், 2015-ல் வந்த 99.7 சிசி நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100-உம் மலையடிவார மாந்தோப்புகளுக்கு உரமூட்டையும், பால்கோவா அடுப்புகளுக்குப் பால் கேனும், சத்திரப்பட்டித் தறிகளுக்கு நூலும் சுமக்கின்றன. வீட்டுக்கு வீடு ஸ்பிளெண்டர் நிற்கிறது. பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியான ஆர்எக்ஸ் 100-ஐ உயிரோடு வைத்திருக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரண்டு ஸ்ட்ரோக்கும் நான்கு ஸ்ட்ரோக்கும் கம்ப்ரெஷனை இழக்கும் வழிகள் வேறு வேறு. எனவே ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் காசுதான் கரையும்.

முதல் சோதனை காலில் இருக்கிறது. நல்ல எஞ்சினில் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் கெட்டியாக நிற்கும். எடையைப் போட்டால்தான் அந்த இடத்தைத் தாண்டும். கம்ப்ரெஷன் குறைந்த வண்டியில் அந்தத் தடுப்பு வராது, கிக்கர் லொடலொடவென்று அடிவரை இறங்கிவிடும். ஆனால் கிக்கர் லேசாக இறங்குவதாலேயே கம்ப்ரெஷன் போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது. ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் கிக்கரின் விசை கிளட்ச் வழியாகத்தான் கிராங்க்குக்குப் போகிறது. கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தாலும், கிக்கரின் பல் நழுவினாலும் கால் இதே போலத்தான் இறங்கும். மேக்னெட்டோ மூடியின் சிறு திருகைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் வெளியாகிவிடும்: கிக்கர் இறங்கும்போது உள்ளே மேக்னெட்டோ சக்கரம் சுற்றவில்லை என்றால் கோளாறு எஞ்சினில் இல்லை.

பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி, கிக் அடித்துப் பார்ப்பது பரவலான வழக்கம். விரலைத் தள்ளிக்கொண்டு 'டப்' என்று காற்று வந்தால் கம்ப்ரெஷன் சரி என்பார்கள். அது பாதி உண்மை. கம்ப்ரெஷன் அறவே இல்லாததைக் கட்டைவிரல் கண்டுபிடிக்கும், குறைந்திருப்பதைக் கண்டுபிடிக்காது. 60 பி.எஸ்.ஐ. அழுத்தமே விரலைத் தூக்கிவிடும், அந்த அழுத்தத்தில் வண்டி கிளம்பாது. அளவுகோல் என்று சொல்ல கம்ப்ரெஷன் கேஜ் ஒன்றுதான் உண்டு.

கேஜை மாட்டும் முன் செய்ய வேண்டியவை சில. பிளக் இருந்த இடத்தைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்க வேண்டும். ஓட்டைக்குள் விழும் ஒரு சிட்டிகை மணல் நல்ல சிலிண்டரையும் கீறிவிடும். கழற்றிய பிளக்கை அதன் கேப்பில் செருகி, ஓட்டைக்கு எட்டத்தில் எஞ்சின் உடம்பைத் தொடும்படி வைக்க வேண்டும். பொறி போக வழியில்லாமல் கிக் அடித்தால் பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டிக்கு ஆபத்து, ஓட்டைக்குப் பக்கத்தில் பொறி பறந்தால் ஆளுக்கே ஆபத்து. சாவியை அணைத்துவிட்டுக் கிக் அடிப்பது இன்னும் நல்லது. சோக்கை விடுவித்து ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிப் பிடிக்க வேண்டும். இதை மறந்து அளப்பவர்களே அதிகம். ஆக்சிலேட்டர் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் காற்றே சரியாக வராது, வராத காற்றை பிஸ்டனின் எந்த ரிங்கும் நெருக்க முடியாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு அளக்க வேண்டும்.

பிறகு முள் ஏறி நிற்கும் வரை, ஐந்து முதல் எட்டு உதை. நல்ல நிலையிலுள்ள 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பொதுவாக 140 முதல் 180 பி.எஸ்.ஐ. வரை காட்டும். 100-க்குக் கீழே போனால் குளிர்ந்த எஞ்சின் காலையில் அடம் பிடிக்கும். அறுபது எழுபதில் நின்றால் உதைத்துப் பயனில்லை. சிறு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் எண்கள் இதைவிடச் சற்றுக் குறைவு. அவற்றில் 100 முதல் 130 வரை இருந்தால் குறை சொல்ல முடியாது. உதைப்பதற்கு லேசாக இருக்கட்டும் என்று கேம்ஷாஃப்டிலேயே அழுத்தம் குறைக்கும் அமைப்பு வைத்த மாடல்களும் உண்டு. அவற்றில் கேஜ் குறைவாகத்தான் காட்டும். ஆகவே அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணே முடிவு. அளக்கும் ஊரும் கணக்கில் வரும்: ராஜபாளையத்தில் 150 காட்டும் வண்டி, சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் 120-ஐ ஒட்டித்தான் காட்டும். எஞ்சின் கெடவில்லை, காற்று மெலிந்திருக்கிறது.

முள் ஏறும் விதமும் சேதி சொல்லும். முதல் உதையில் குறைவாகத் தொடங்கி, ஒவ்வோர் உதைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஆனாலும் உரிய அளவை எட்டாமல் நின்றால் பெரும்பாலும் ரிங் தேய்மானம். முதல் உதையிலேயே குறைவு, அடுத்தடுத்த உதைகளிலும் முள் நகர மறுக்கிறது என்றால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்கலாம்.

இங்கே கேஜைப் பற்றியே ஒரு சந்தேகம் எழ வேண்டும். கார்களுக்காக விற்கப்படும் கேஜ்களில் பிளக் ஓட்டைக்கும் மீட்டருக்கும் நடுவே நீளமான ரப்பர் குழாய் இருக்கும். உள்விட்டம் 4 மி.மீ., நீளம் 24 செ.மீ. உள்ள குழாயில் 3 சிசி இடம் இருக்கிறது. காரின் பெரிய சிலிண்டருக்கு அது பொருட்டே இல்லை. 12 சிசி மட்டுமே மிஞ்சும் எஞ்சினில் அந்த 3 சிசி சேர்ந்தால் 9-க்கு 1 என்ற விகிதம் 7.4-க்கு 1 ஆகிவிடுகிறது, முள் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டுகிறது. காற்றைத் திரும்பவிடாத சிறு வால்வு, குழாயின் மீட்டர் முனையில் இல்லாமல் பிளக் முனையில் இருக்கும் கேஜே மோட்டார் சைக்கிளுக்குச் சரி. அந்த வால்வு கெட்டுவிட்டால் டயர் டியூபின் வால்வு ஊசியை மாட்டிக்கொள்வோரும் உண்டு. அதன் ஸ்பிரிங் முறுக்கானது, அதுவும் குறைத்தே காட்டும். பெரும்பாலான 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு 10 மி.மீ. மரையும், பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு 14 மி.மீ. மரையும் வேண்டும். ரப்பர் கூம்பை அழுத்திப் பிடிக்கும் மலிவுக் கேஜில், பிடிக்கும் கை சற்றே தளர்ந்தாலும் நல்ல எஞ்சின் நோயாளியாகிவிடும். அறிமுகமான ஒரு நல்ல வண்டியில் கேஜை முதலில் மாட்டிப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கின் எண்ணை நம்பலாம்.

எண் குறைவு என்று உறுதியானாலும் எஞ்சினை இறக்க அவசரம் வேண்டாம். கிளம்பாத வண்டியைச் சோக் போட்டு அரைமணி நேரம் உதைத்தால், உள்ளே வந்த பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்திருந்த ஆயிலைக் கழுவிவிடும். ரிங்கும் சுவரும் சேரும் இடத்தை அடைப்பது அந்த ஆயில் படலம்தான். அது போனதும் நேற்றுவரை நன்றாக ஓடிய எஞ்சினும் கம்ப்ரெஷன் இழந்ததாகக் காட்டும். பிளக் ஓட்டை வழியாகச் சில சொட்டு ஆயில் விட்டு, பிளக் இல்லாமல் சில முறை உதைத்து, காய்ந்த பிளக்கை மாட்டினால் இப்படிப்பட்ட வண்டிகள் புகையோடு கிளம்பிவிடும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தும் பார்க்க வேண்டும். கார்புரேட்டரின் மிதவை ஊசி கசிந்து இரவெல்லாம் பெட்ரோல் இறங்கியிருந்தால் ஆயில் மட்டம் ஏறியிருக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும். அந்த ஆயிலை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பலனில்லை.

ரிங்கா, வால்வா என்று பிரித்தறிய நெடுநாளாகச் சொல்லப்படும் வழி ஆயில் சோதனை. ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. சிறு எஞ்சினில் இந்தப் பாடம் ஆளை ஏமாற்றும். 12 சிசி இடத்தில் 5 மி.லி. ஆயிலை ஊற்றினால் மிஞ்சுவது 7 சிசி. எதிலும் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் விகிதம் 14-க்கு மேல் தாவும், முள்ளும் எகிறும். அதைப் பார்த்து 'ரிங் போச்சு' என்று எஞ்சினை இறக்கிய பிறகு, ரிங் நன்றாக இருப்பது தெரியவரும். அரை ஸ்பூனுக்கும் குறைவாக விட வேண்டும், எண் பெரிதாக ஏறினால் மட்டுமே பொருட்படுத்த வேண்டும். ஸ்பிளெண்டரைப் போலச் சிலிண்டர் ஏறத்தாழப் படுத்திருக்கும் எஞ்சின்களில் ஆயில் பிஸ்டனைச் சுற்றிப் பரவாமல் அடிப்பக்கத்தில் தேங்கிவிடும் என்பதால், அங்கே இந்தச் சோதனையின் தீர்ப்பு இன்னும் பலவீனமானது.

எண்ணைவிட நம்பகமானது காது. காற்று எவ்வளவு குறைகிறது என்பதை விட்டுவிட்டு எந்த வழியாகப் போகிறது என்று கேட்கும் சோதனை இது. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் இரும்புக் கூட்டில் டயர் வால்வின் தண்டைப் பற்றவைத்தால் கருவி தயார். எந்த லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டின் மூடிகளைக் கழற்றி, மேக்னெட்டோவின் 'டி' குறி நேராக வரும்படி, இரண்டு டேப்பட்டும் லேசாக ஆடும் நிலையில் பிஸ்டனை உச்சியில் நிறுத்த வேண்டும். டேப்பட் ஆடாவிட்டால் அது வேறு சுற்றின் உச்சி. இன்னொரு முழுச் சுற்று திருப்ப வேண்டும். பிறகு பஞ்சர் கடைக் கம்ப்ரெஸர் காற்றை 30 அல்லது 40 பி.எஸ்.ஐ. அளவில் உள்ளே விட வேண்டும். கிராங்க் திடீரென்று சுழன்று கிக்கர் காலைப் பதம் பார்க்கலாம். கியர் வண்டியில் டாப் கியர் போட்டுப் பின்பிரேக்கை அழுத்தினால் கிராங்க் அசையாது. எக்ஸ்எல் வண்டியின் கிளட்ச் வேகம் வந்த பிறகே தானாகப் பிடிக்கும் வகை, ஆகவே இந்த உபாயம் அதில் பலிக்காது. மேக்னெட்டோ நட்டில் ஸ்பேனர் மாட்டிப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி உஸ்ஸென்ற ஓசை வரும் இடத்தைத் தேடினால் போதும். சைலன்சர் வாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் வாயில் கேட்டால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயைத் திறந்ததும் காற்று முகத்தில் அடித்தால் ரிங் அல்லது சிலிண்டர். அங்கே இலேசான கசிவு எல்லா எஞ்சினிலும் இருக்கும், ஏனெனில் ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே எப்போதும் இடைவெளி உண்டு. சோப்பு நீரைத் தடவினால் ஹெட்டும் சிலிண்டரும் சேரும் கோட்டில் குமிழி வருகிறதா என்றும் தெரியும். பிளக் அமரும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஹெட் அலுமினியம்; பிளக்கை மட்டுமீறி முறுக்கிய கைகளால் அதன் மரை வழுக்கிப்போன வண்டிகள் ஏராளம். அதற்கு எஃகுக் கம்பி மரை போட்டால் போதும், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போர் வேலை செய்யச் சொல்வது அநியாயம்.

காற்று வால்வு வழியே போகிறதென்றால் முதலில் தொட வேண்டியது டேப்பட்டை. சத்தம் போடும் டேப்பட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள், சத்தமே போடாத டேப்பட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். வால்வு நாளடைவில் தன் இருக்கையைத் தேய்த்துக்கொண்டு மேலேறுகிறது, வால்வுக்கும் டேப்பட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுருங்குகிறது. சத்தம் வருகிறதென்று வாடிக்கையாளர் நச்சரிக்க மெக்கானிக் இன்னும் இறுக்கிவிட்டால், சூட்டில் நீளும் வால்வு முழுதாக மூடவே மூடாது. எரியும் வாயு அந்தச் சந்து வழியே பாய்ந்து வால்வின் விளிம்பைச் சுட்டுவிடும். பெரும்பாலான சிறு எஞ்சின்களுக்கு இந்த இடைவெளி 0.05 முதல் 0.10 மி.மீ. வரை, ஆறிய எஞ்சினில் ஃபீலர் கேஜால் அளக்க வேண்டியது. இடைவெளியைச் சரிசெய்ததும் எண் ஏறி வண்டி கிளம்பிவிட்டால் செலவு மிகச் சொற்பம். முள் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நின்றால் கேம் செயின் பல் தாண்டியிருக்கலாம். ஸ்பிளெண்டரில் 'டி' குறி நேராக இருக்கும்போது கேம் பல்சக்கரத்தின் வட்டக் குறி ஹெட்டின் வெட்டுக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை எதுவும் இல்லாவிட்டால் ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. கழற்றிய ஹெட்டைக் கவிழ்த்துப் போர்ட்டுக்குள் பெட்ரோல் ஊற்றினால், கசியும் வால்வு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்த பிறகு வால்வின் முகத்தைச் சுற்றி ஒரே சீரான சாம்பல் வளையம் விழ வேண்டும். எங்காவது அறுந்திருந்தால், அல்லது விளிம்பு கருகிக் குழிந்திருந்தால், தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் புது வால்வு வாங்குவதே புத்திசாலித்தனம்.

ரிங் பக்கம் குற்றம் என்றால் சிலிண்டரின் மேல் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்க்கலாம். ரிங் போய்வரும் எல்லையில் நகம் தட்டும்படி விளிம்பு உருவாகியிருந்தால் தேய்மானம் பெரிது. பழைய ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியை அளக்க வேண்டும், 50 மி.மீ. விட்டத்துக்கு அது அரை மி.மீட்டரை எட்டினால் ரிங்கின் ஆயுள் முடிந்தது. முட்டை வடிவாகத் தேய்ந்துபோன சிலிண்டருக்குப் புது ரிங் மட்டும் மாற்றுவது வீண் செலவு. அதை 0.25, 0.50 என்று அடுத்த ஓவர்சைஸுக்குப் போர் போட வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அதை அளந்துதான் போர் போடச் சொல்ல வேண்டும். இப்போது பிளாக்கும் பிஸ்டனும் சேர்ந்த கிட் தாராளமாகக் கிடைப்பதால் போர் போடும் லேத்துகளுக்கு வேலை குறைந்துவிட்டது. தேய்ந்த காரணத்தைத் தேடாமல் கிட்டை மாற்றினால் புதியதும் சீக்கிரமே தேயும். மலையடிவாரச் செண்பகத்தோப்புப் பக்கத்து மண் பாதைகளில் ஓடும் வண்டிக்கு, கிழிந்த ஏர் ஃபில்டரும் விரிந்த ரப்பர் குழாயுமே பெரும்பாலும் அந்தக் காரணம்.

இரண்டு ஸ்ட்ரோக்கின் ஹெட்டில் வால்வு இல்லை. மேலே கசிய ரிங், கேஸ்கட், பிளக் ஆகிய மூன்றே வழிகள். ஆயில் அதிகம் கலந்து ஓட்டிய வண்டியில் ரிங் தேயாமலே கரி பிடித்து, பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். கரியைச் சுரண்டி விடுவித்தால் மீண்டும் வேலை செய்யும். ஆயிலே கலக்காமல் ஓட்டிய வண்டியில் பிஸ்டன் சீஸ் ஆகி, பக்கவாட்டில் நெடுகக் கீறல் விழுந்திருக்கும். ஆனால் இந்த எஞ்சினுக்கு இரண்டாவது கம்ப்ரெஷன் ஒன்று உண்டு, கேஜ் அதைக் காட்டாது. கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் அறையில் நெருக்கப்பட்டு மேலே தள்ளப்படுகிறது. கிராங்க்கின் இருபக்க ஆயில் சீல் காய்ந்து வெடித்திருந்தால், கேஜில் 120 காட்டிக்கொண்டே வண்டி கிளம்பாமல் நிற்கும். மேக்னெட்டோ பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை வெளுத்துவிடும். கியர் பக்க சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெண்புகை அடர்த்தியாக வரும், கியர் ஆயில் மட்டமும் இறங்கும். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்துவிட்டு, 6 பி.எஸ்.ஐ. காற்றைப் பம்பால் ஏற்றினால், ஒரு நிமிடத்தில் அது ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல் குறையக்கூடாது. பல ஆண்டுகள் ஓடிய எக்ஸ்எல் சூப்பரில் சைலன்சரே கரியால் அடைத்துக்கொண்டு, போக வழியில்லாத புகையால் வண்டி கிளம்ப மறுப்பதும் உண்டு. கேஜை எடுக்கும் முன் சைலன்சரைக் கழற்றி ஒரு தடவை உதைத்துப் பார்ப்பது நல்லது.

போர் வேலை முடிந்த கையோடு அளந்தால் எண் எதிர்பார்த்த அளவுக்கு வராமல் இருக்கலாம். புது ரிங் சிலிண்டர் சுவரில் படிந்து அமர முதல் 500 கிலோமீட்டர் வரை ஆகும். அதுவரை பாரம் ஏற்றாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் இருக்க வேண்டும். அதன் பிறகு, அதே கேஜால், ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகி மறுபடி அளந்து, வரும் எண்ணைத் தேதியோடு சர்வீஸ் அட்டையில் எழுதி வைத்தால், அந்த வண்டியைப் பொறுத்தவரை கையேட்டில் உள்ளதைவிட அதுவே பிற்காலத்துக்குச் சரியான அளவுகோல்.